எல்லோரும் வரலாம், பார்த்துக்கொள்வது யார்?

கர்நாடக உயர் நீதிமன்றம் 2023 டிசம்பரில் தன் காணொலி விசாரணைகளையும் நேரலையையும் திடீரென்று நிறுத்திவைத்தது. விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே யாரோ உள்ளே புகுந்து ஆபாசக் காட்சிகளைத் திரையில் ஓடவிட்டதுதான் காரணம். நீதிமன்றத்துக்குப் பதிவாளர் இருக்கிறார், கணினிப் பிரிவு இருக்கிறது, கூப்பிட்டால் போலீஸ் வரும். இவை எதுவும் இல்லாமல், லிங்கை ஊருக்கே கொடுத்துவிட்டுத் தன்னார்வலர்கள் நடத்தும் கூட்டங்களில் இதே விஷமம் நடந்தால் யார் என்ன செய்வது?

திறமூல மென்பொருள் உலகம் சில ஆண்டுகளாகவே இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. கடவுச்சொல் போடலாமா, காத்திருப்பு அறை வைக்கலாமா, பதிவுசெய்தவர்களை மட்டும் விடலாமா என்றே பேச்சு பெரும்பாலும் சுற்றிச்சுற்றி வருகிறது. பூட்டுகளைப் பற்றி இவ்வளவு பேசுபவர்கள், கூட்டத்தைக் கவனிக்க ஓர் ஆளை உட்கார வைப்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. கோளாறு அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

நமக்கென்ன இதில் என்று தோன்றலாம். நம் கைப்பேசியில் ஓடும் ஆண்ட்ராய்டுக்கு அடியில் இருப்பது லினக்ஸ். படம் பார்க்கும் விஎல்சி, ஃபயர்பாக்ஸ் உலாவி, லிப்ரே ஆபீஸ் எல்லாம் திறமூல வகைதான். இவற்றின் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். இதுவரை பலருக்கும் தெரிந்திருக்கும். அடுத்த பதிப்பில் எதைச் சேர்ப்பது, எதை எடுப்பது, எந்தக் கோளாறை முதலில் சரிசெய்வது என்பதையும் இவர்களில் பலர் பொதுவில் உட்கார்ந்து பேசித்தான் முடிவுசெய்கிறார்கள் என்பது அந்த அளவுக்குத் தெரியாது.

குபர்நெட்டிஸ் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். பெரிய இணையதளமோ செயலியோ ஒரே கணினியில் ஓடுவதில்லை. பல கணினிகளில் துண்டுதுண்டாக ஓடும். ஒன்று படுத்துவிட்டால் அதன் வேலையை இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும். பயனர் கூட்டம் அலைமோதினால் இன்னும் சிலவற்றை இறக்கிவிட வேண்டும். இந்த மேஸ்திரி வேலையைப் பார்ப்பதுதான் குபர்நெட்டிஸ். கூகுள் இதை 2014-இல் வெளியிட்டது. மறு ஆண்டே, லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் தொடங்கப்பட்ட கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைத்துவிட்டது. இன்று உலகெங்கும் ஏராளமான நிறுவனங்களின் சேவைகள் இதன்மேல்தான் நிற்கின்றன.

இதை உருவாக்குபவர்கள் நெட்வொர்க், சேமிப்பு, பாதுகாப்பு, ஆவணங்கள் எனத் தனித்தனிக் குழுக்களாகப் பிரிந்து, வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ ஜூமில் கூடுகிறார்கள். நேரம், லிங்க், பேசவிருக்கும் விஷயங்களின் பட்டியல் எல்லாம் பொதுவில் கிடக்கின்றன. நடந்து முடிந்த கூட்டங்களின் பதிவுகள் யூடியூபில் இருக்கின்றன. கோவையில் இறுதியாண்டு படிக்கும் மாணவி ஒருவர் நேராக உள்ளே போய், பெரிய நிறுவனங்களின் மூத்த பொறியாளர்கள் வாதிடுவதைக் கேட்கலாம்; கையை உயர்த்தித் தானும் ஒரு கேள்வி கேட்கலாம். சிபாரிசுக் கடிதமோ கட்டணமோ வேண்டாம்.

இப்படி ஒரு வாசல் வேறெந்தத் துறையில் திறந்து கிடக்கிறது? மருந்து நிறுவனத்தின் ஆய்வுக் கூட்டத்துக்குள் ஒரு கல்லூரி மாணவரால் போக முடியுமா? இந்த வாசல் மூடப்பட்டால் நட்டம் யாருக்கு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

2020 தந்த பாடம்

2019 டிசம்பரில் ஜூம் கூட்டங்களில் ஒரு நாளில் கலந்துகொண்டவர்களின் எண்ணிக்கை உச்சபட்சமாக 1 கோடி. 2020 மார்ச்சில் அது 20 கோடியைத் தாண்டியது. பள்ளி, அலுவலகம், கல்யாணம், இலக்கியக் கூட்டம், இரங்கல் கூட்டம் எல்லாம் அந்தச் சின்னச் சதுரங்களுக்குள் நுழைந்தன. கூடவே, அழைக்கப்படாதவர்களும் நுழைந்தார்கள்.

அந்த மார்ச் 30 அன்று அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரிக்கை விடுத்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓர் ஆன்லைன் வகுப்புக்குள் புகுந்தவர் கெட்ட வார்த்தைகளில் கத்தியதோடு, ஆசிரியரின் வீட்டு முகவரியையும் உரக்கச் சொன்னார் என்று அந்த எச்சரிக்கை குறிப்பிட்டது. ஆபாசப் படத்தைவிட அந்த முகவரிதான் அதிகம் அச்சுறுத்துகிறது. ‘உன் வீடு எனக்குத் தெரியும்’ என்பதை அத்தனை பேர் முன்னிலையில் சொல்வது அது. அடுத்த மாதம் சிங்கப்பூரில் பள்ளிச் சிறுமிகளின் வகுப்பில் இரண்டு ஆண்கள் நுழைந்து ஆபாசம் காட்ட, அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் ஆசிரியர்கள் ஜூம் பயன்படுத்துவதையே சில நாட்களுக்கு நிறுத்தியது. இந்திய உள்துறை அமைச்சகமும் ஏப்ரலில் ஜூம் பற்றி எச்சரிக்கைக் குறிப்பு வெளியிட்டது.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பாடமாகத் தோன்றுவது அமெரிக்காவின் டாம்பா நகரில் 2020 ஆகஸ்டில் நடந்தது. ட்விட்டர் கணக்குகளை ஊடுருவியதாகக் குற்றம் சாட்டப்பட்ட 17 வயதுச் சிறுவனின் ஜாமீன் விசாரணை ஜூமில் நடந்தது. பொது விசாரணை என்பதால் யாரும் பார்க்கலாம். சிஎன்என், பிபிசி ஊழியர்கள்போல் பெயர் வைத்துக்கொண்டு சிலர் உள்ளே வந்தார்கள். ஒருவர் பாட்டைப் போட்டார், இன்னொருவர் கூச்சலிட்டார், கடைசியில் ஆபாசக் காட்சி ஓடியது. வழக்கை விசாரித்த நீதிபதியேதான் அவர்களை ஒவ்வொருவராக வெளியேற்றிக்கொண்டிருந்தார். வழக்கறிஞர் வாதத்தையும் கேட்க வேண்டும், பங்கேற்பாளர் பட்டியலில் விஷமியையும் தேட வேண்டும், ஒரே ஆள். கணினிக் குற்ற வழக்கு விசாரணையிலேயே இந்த நிலை என்பது வேடிக்கைதான். ஆனால் அந்த இடத்தில் யாரை உட்காரவைத்தாலும் அதுவேதான் நடந்திருக்கும்.

ஜூம் நிறுவனம் விழித்துக்கொண்டது. 2020 ஏப்ரலில் இலவசக் கணக்குகளுக்கும் பள்ளிகளுக்கும் கடவுச்சொல்லையும் காத்திருப்பு அறையையும் தானாகவே இயங்கும்படி வைத்தது. அந்த ஆண்டு நவம்பரில், எல்லோருடைய ஒலி, காட்சி, உரையாடல், திரைப் பகிர்வு அனைத்தையும் ஒரே அழுத்தில் நிறுத்தும் பொத்தான் வந்தது. தனியுரிமை மீறல், அத்துமீறல் தொடர்பாகத் தொடரப்பட்ட வழக்கில் 2021-இல் 8.5 கோடி டாலர் தருவதாகச் சமரசமும் செய்துகொண்டது. கருவிகள் வந்துவிட்டன. அதோடு பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும் அல்லவா?

விஷமி எங்கிருந்து வருகிறார்?

அமெரிக்காவின் பிங்ஹாம்டன், பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இன் முதல் ஏழு மாதங்களில் ட்விட்டரிலும் 4சான் தளத்திலும் ‘இந்தக் கூட்டத்துக்குள் வந்து கலாட்டா செய்யுங்கள்’ என்று இடப்பட்ட அழைப்புகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். கடவுச்சொல்லை உடைத்து நுழையும் ஹேக்கர் யாரும் அதில் பெரிதாகத் தென்படவில்லை. அழைப்பு விடுத்தவர்களில் பெரும்பாலோர் கூட்டத்துக்கு முறையாக அழைக்கப்பட்டவர்கள். பள்ளி, கல்லூரி மாணவர்கள். லிங்கையும் கடவுச்சொல்லையும் வெளியாருக்குக் கொடுத்து, யார் பெயரில் வந்தால் சந்தேகம் எழாது என்பதையும் சொல்லிக்கொடுத்தார்கள். பெரும்பாலான அழைப்புகள் அப்போது நடந்துகொண்டிருந்த கூட்டத்தைப் பற்றியவை. முன்கூட்டித் தெரிந்து தடுக்க அவகாசமே கிடையாது.

உள்ளே இருப்பவரே கதவைத் திறந்துவிடும்போது பூட்டு என்ன செய்யும்? ஆய்வாளர்கள் சொன்ன வழி, ஒவ்வொருவருக்கும் தனித்தனி லிங்க். நிறுவனக் கூட்டங்களுக்கு அது சரி. திறமூலக் கூட்டத்தில் உள்ளே யார், வெளியே யார் என்ற கோடே இல்லை. ‘யாரும் வரலாம்’ என்பதுதான் அழைப்பிதழே. கடவுச்சொல் இருந்தாலும் அது லிங்குக்குப் பக்கத்திலேயே அச்சிட்டுக் கிடக்கும். குத்துமதிப்பாக லிங்கைத் தேடிப் பிடிக்கும் இயந்திரங்களை அது தடுக்கும், ஆட்களைத் தடுக்காது.

அந்த ஒரு நிமிடம்

சம்பவம் நடக்கும்போது உள்ளே என்ன ஆகிறது என்பதை நெருங்கிப் பார்த்தால்தான் மற்றது புரியும். அறுபது பேர் இருக்கும் கூட்டம். நடத்துபவரே அன்றைக்குப் பேச்சாளரும்கூட. அவர் தன் திரையைப் பகிர்ந்து ஒரு வரைபடத்தை விளக்கிக்கொண்டிருக்கிறார். திரையைப் பகிரும்போது ஜூமின் கட்டுப்பாட்டுப் பட்டை சுருங்கி மேலே ஒதுங்கிவிடும். பங்கேற்பாளர் பட்டியல் கண்ணில் படாது. சாதாரணப் பெயர்களில், கேமராவை அணைத்து, கால் மணி நேரமாகச் சமர்த்தாக இருந்த நான்கு பேரில் ஒருவர் மைக்கைத் திறந்து இனவெறி வசைகளை அள்ளிக் கொட்டுகிறார்.

பேச்சாளர் முதலில் நினைப்பது, யாரோ மியூட் செய்ய மறந்துவிட்டார் என்று. பத்து விநாடி போகிறது. பகிர்வை நிறுத்திவிட்டுப் பட்டியலைத் திறக்கிறார். அறுபது பெயர்கள். அதற்குள் இரண்டாமவர் தன் கேமராவில் ஆபாசப் படத்தைக் காட்டுகிறார். மூன்றாமவர் தன் பெயரைக் கூட்டம் நடத்துபவரின் பெயராக மாற்றிக்கொண்டு உரையாடல் பெட்டியில் கண்டதை எழுதுகிறார். வசை பாடியவரைக் கண்டுபிடித்து வெளியேற்றினால், அவர் வேறு கணக்கில், வேறு பெயரில் திரும்பவும் வாசலில் நிற்கிறார். ‘எல்லோரையும் நிறுத்து’ பொத்தான் எங்கே இருக்கிறது என்பது அந்தப் பதற்றத்தில் நினைவுக்கு வராது. ஒருமுறைகூட அழுத்திப் பார்க்காத பொத்தான் எப்படி நினைவுக்கு வரும்?

இதற்குள் இருபது பேர் வெளியேறியிருப்பார்கள். அவர்களில் சிலர் முதல்முறையாக வந்தவர்கள். பழையவர்கள் அடுத்த வாரமும் வருவார்கள். ‘இதெல்லாம் சகஜம்’ என்று சொல்லிக்கொள்வார்கள். அந்த வசை யாரைக் குறிவைத்ததோ அவர்கள், பெரும்பாலும் பெண்களும் கறுப்பினத்தவரும் ஆசியரும், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவார்கள். எத்தனை பேர் என்ற கணக்கு யாரிடமும் இருக்காது.

இதே ஒரு நிமிடத்தை இரண்டு பேர் கவனித்திருந்தால்? பேசுபவர் ஒருவர், கையைக் கட்டிக்கொண்டு பட்டியலையே பார்த்துக்கொண்டிருப்பவர் இன்னொருவர். முதல் வசைச்சொல்லிலேயே அவர் பொத்தானை அழுத்துவார். கூட்டம் உறையும். நான்கு பேரை நிதானமாக வெளியேற்றிவிட்டு, வந்திருப்பவர்களிடம் நடந்ததை ஓரிரு வாக்கியத்தில் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, மைக்குகளைத் திரும்பத் திறந்துவிடலாம். மூன்று நிமிடத்தில் வரைபடத்துக்குத் திரும்பலாம்.

குபர்நெட்டிஸ் இதை நன்றாகவே புரிந்துகொண்டிருக்கிறது. காணொலிக் கூட்டங்களுக்கென்றே வழிகாட்டியை எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். கூட்டத்தை நடத்தும் ஹோஸ்ட் தவிரத் துணைக்கு ஆள் வைத்துக்கொள்வது, ஒழுங்கீனம் செய்பவரை வெளியேற்றுவது, பிறகு அதை யாரிடம் தெரிவிப்பது என்று அதில் பேசப்படுகிறது. புகார்களை விசாரிக்க நடத்தை விதிக் குழு தனியாக இருக்கிறது. இவ்வளவு எழுதிவைத்த பெரிய சமூகம் அது. ஆனால் ஐந்து பேர் சேர்ந்து நடத்தும் சின்னத் திட்டங்களில் பெரும்பாலும் ஒருவரே எல்லாம்: அவரே பேசுவார், அவரே குறிப்பெடுப்பார், அவரே வாசலையும் பார்க்க வேண்டும்.

மூடிவிட்டால் என்ன?

‘ஏன் இந்தத் தலைவலி? பதிவுசெய்தவர்களை மட்டும் விடுங்கள்’ என்பது நியாயமான யோசனைபோல்தான் தெரிகிறது. ஆனால் குபர்நெட்டிஸின் பொதுக் கூட்டம் நெடுங்காலம் நடந்தது அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி வியாழன் காலை 10 மணிக்கு. நமக்கு அது கோடையில் இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. அந்நேரத்தில் வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஆங்கிலத்தில் பேசத் தயங்கித் தயங்கி முதல்முறை வருபவரைக் காத்திருப்பு அறையில் இருபது நிமிடம் நிறுத்திவைத்தால் அவர் மடிக்கணினியை மூடிவிட்டுப் படுத்துவிடுவார். காத்திருப்பு அறையைத் திறந்துவிட ஆள் இல்லையென்றால் அது பூட்டிய அறைதான். எந்தக் கருவியை வைத்தாலும் அதற்குப் பின்னால் ஓர் ஆள் தேவைப்படுவதை இதிலும் பார்க்கலாம்.

பெயர் தெரியாதவர்களை விடக் கூடாது என்பதிலும் சிக்கல் உண்டு. புனைபெயரில் பல ஆண்டுகள் உழைக்கும் பங்களிப்பாளர்கள் இந்த உலகில் ஏராளம். சிலருக்கு அலுவலகம் காரணம், சிலருக்கு அரசாங்கம் காரணம், சிலருக்குப் பழைய துன்புறுத்தல் காரணம்.

ஆனாலும், முழுத் திறப்பு என்பதையும் மந்திரம்போல் பிடித்துத் தொங்க முடியாது. ஜிட்சி நல்ல உதாரணம். 2003-இல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் மாணவர் திட்டமாகத் தொடங்கிய திறமூலக் காணொலி மென்பொருள் அது. கணக்கு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், ஒரு பெயரைத் தட்டினால் அறை தயார் என்பதே அதன் பெருமை. 2023 ஆகஸ்டில் ஜிட்சியின் பொதுத் தளம் அந்தப் பெருமையை ஓரளவு விட்டுக்கொடுத்தது. அறையைத் திறப்பவர் கூகுள், கிட்ஹப், ஃபேஸ்புக் கணக்குகளில் ஒன்றால் நுழைய வேண்டும் என்றது. தவறான பயன்பாடு பெருகியதுதான் காரணம். தனியுரிமை ஆர்வலர்கள் கோபப்பட்டார்கள். எனக்கு அது சரியான இடத்தில் போட்ட கோடாகவே படுகிறது. வருபவர்கள் யாராகவும் இருக்கலாம். அறையைத் திறந்து பொறுப்பேற்கும் ஒருவருக்காவது அடையாளம் இருக்கட்டும். அதுவும் பிடிக்காதவர்கள் ஜிட்சியைத் தங்கள் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். மென்பொருள் எல்லோருக்கும் பொதுதானே.

பெரிய திறமூல மாநாடுகள் கண்டுபிடித்த வழி வேறு. பிரஸ்ஸல்ஸில் ஆண்டுதோறும் கூடும் ஃபாஸ்டெம் மாநாடு 2021 பிப்ரவரியில் முழுக்க இணையத்தில் நடந்தது. பேச்சுகளை முன்பே பதிவுசெய்து ஒளிபரப்பினார்கள். பார்வையாளர்கள் மேட்ரிக்ஸ் என்ற உரையாடல் தளத்தில் கேள்விகளை எழுதினார்கள். பிடித்த கேள்விக்கு மற்றவர்கள் ஆதரவுக் குறி போட்டார்கள். அமர்வை நடத்துபவர் முதலிடத்தில் இருந்த கேள்விகளை எடுத்துப் பேச்சாளரிடம் கேட்டார். கேள்வி நேரம் முடிந்த பின்னரே காணொலி அறையின் கதவு பொதுவுக்குத் திறந்தது. விரும்பியவர்கள் உள்ளே போய்ப் பேச்சாளரோடு சாவகாசமாகப் பேசினார்கள். ஆயிரம் பேர் பார்க்கும் திரை காவலோடு இருந்தது. இருபது பேர் பேசும் நடைபாதை திறந்து கிடந்தது.

2020-இல் இஸ்ரேலின் ஹைஃபாவில் நடக்கவிருந்து இணையத்துக்கு மாறிய, டெபியன் என்ற லினக்ஸ் வகையின் மாநாட்டிலும் இதே போக்குதான். கேள்விகளை எழுத்தில் வாங்கிப் பேச்சாளரிடம் வாசித்துக் கேட்க ஒவ்வோர் அமர்வுக்கும் ஒரு தன்னார்வலர் இருந்தார். டெபியனில் நிரல் எழுதுவதற்கு வரிசை கட்டுகிறவர்களைப்போல இந்த வேலைக்கும் பெயர் கொடுத்துப் பதிவுசெய்ய ஆட்கள் வருகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அதை வேலை என்று அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

கத்தாத தொல்லைகள்

ஆபாசம் காட்டுபவரைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் கூட்டத்தைக் கவனிக்கும் நெறியாளரின் வேலை வாட்ச்மேன் வேலையாகச் சுருங்கிவிடும். அந்த விஷமி ஆண்டுக்கு ஒருமுறை வருவாரோ என்னவோ. ஒவ்வொரு வாரமும் வருபவர் வேறு ஒருவர்: மைக்கைப் பிடித்தால் விடாதவர். அவர் திறமைசாலி, நல்லவர்கூட. ஆனால் ஐம்பது நிமிடக் கூட்டத்தில் முப்பது நிமிடம் அவருடையது. இன்னொருவர் பேசும்போது இடைமறிப்பார். புதியவர் கேட்கும் கேள்விக்கு ‘இதெல்லாம் ஆவணத்திலேயே இருக்கிறதே’ என்று சிரிப்பார். கூச்சலிடுபவரை வெளியேற்றப் பொத்தான் இருக்கிறது. இவருக்கு எந்தப் பொத்தானும் கிடையாது.

நல்ல நெறியாளர் இந்த இடத்தில்தான் தெரிவார். கை உயர்த்தியவர்களின் வரிசையைப் பார்த்து, ‘உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள்’ என்று இதமாகச் சொல்வார். பேசக் கூச்சப்படுபவர் உரையாடல் பெட்டியில் எழுதியதை எடுத்து வாசிப்பார். வேகமான அமெரிக்க ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பேச்சை நிறுத்தி, ‘இதுவரை என்ன முடிவாயிற்று?’ என்று கேட்டுக் குறிப்பில் ஏற்றுவார். அந்த ஒரு கேள்வியால் பயன்பெறுபவர் டோக்கியோவிலும் சாவ் பாவ்லோவிலும் சென்னையிலும் இருப்பார்.

இப்போது புதிதாக இன்னொரு கூட்டம் சேர்ந்திருக்கிறது: குறிப்பெடுக்கும் செயற்கை நுண்ணறிவு ‘பாட்’கள், அதாவது தானியங்கி நிரல்கள். உரிமையாளர் வராவிட்டாலும் அவருடைய பாட் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பொதுவில் பதிவாகும் கூட்டம்தானே, அதனால் என்ன என்று கேட்கலாம். பட்டியலில் ஆளில்லாப் பெயர்கள் கூடக்கூட, விஷமியை அவற்றுக்கு நடுவே தேடுவது கடினமாகிறது. வெளியே போகச் சொன்னால் கேட்டு எழுந்துபோகவும் அந்தத் தானியங்கிக்குத் தெரியாது. உரிமையாளர் இல்லாமல் வரும் தானியங்கியை வெளியேற்றலாம் என்று முன்பே விதி எழுதிவைத்துவிட்டால் வாக்குவாதம் வராது.

நெறியாளரை யார் கேட்பது?

அதிகாரத்தைக் கொடுத்தால் அதைத் தவறாகப் பயன்படுத்த மாட்டார்களா? பயன்படுத்துவார்கள். கடுமையாக விமர்சித்தவரை ‘இடையூறு செய்தார்’ என்று மியூட் செய்வது ஒரு விநாடி வேலை. மின்னஞ்சல் விவாதத்திலாவது எழுதியது எழுத்தாக நிற்கும். காணொலியில் வாயை அடைத்துவிட்டால் அடைத்த தடயமும் மிஞ்சாது.

நேர்மாறான ஆபத்தும் உண்டு. ரஸ்ட் என்ற நிரல்மொழிச் சமூகத்தில் 2021 நவம்பரில் நெறியாளர் குழு முழுவதும் ஒரே நாளில் பதவி விலகியது. விதிகளை மற்றவர்கள்மீது செலுத்த முடிகிறது, தலைமைக் குழுவின்மீது செலுத்த முடியவில்லை, அவர்கள் யாருக்கும் கட்டுப்படாமல் இருக்கிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். சமூகம் அதிர்ந்தது. நீண்ட பேச்சுக்குப் பிறகு 2023-இல் பழைய தலைமைக் குழு போய்ப் புதிய தலைமைக் கவுன்சில் வந்தது. அது காணொலிக் கூட்டத்தால் வந்த சண்டை அல்ல. ஆனால் நெறியாளர்களைப் பெரியவர்களுக்குக் கீழே வைத்தால் விதி சிறியவர்களுக்கு மட்டுமாகிவிடும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

ஆகவே, வெளியேற்றுவது அந்தக் கணத்தில் நெறியாளரின் முடிவாகவும், வெளியேற்றம் நிலைப்பது வேறொரு குழுவின் முடிவாகவும் இருக்க வேண்டும். கூட்டத்தில் தயங்காமல் நீக்கலாம்; தவறாக நீக்கப்பட்டவர் எந்த முகவரிக்கு எழுதினால் எத்தனை நாளில் பதில் வரும் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். திட்டத்தைத் தொடங்கியவராகவே இருந்தாலும் அதே வரிசையில்தான் கை தூக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டுக்கும் இது தூரத்து விஷயமல்ல. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு வாரந்தோறும் ஜிட்சியில் தமிழில் கூடுகிறது, யாரும் வரலாம். இன்னும் பல ஊர்களில் கட்டற்ற மென்பொருள் குழுக்கள் இருக்கின்றன. புலம்பெயர்ந்தோரும் சேர்ந்து நடத்தும் இலக்கியக் கூட்டங்கள், குடியிருப்போர் சங்கக் கூட்டங்கள் என்று லிங்கை வாட்ஸ்அப்பில் பரப்பி நடத்தும் எதற்கும் கீழே சொல்பவை பொருந்தும்.

பேச்சாளரிடம் ஹோஸ்ட் பொறுப்பைக் கொடுக்காதீர்கள். இருபது பேருக்கு மேல் வரும் கூட்டமென்றால் இரண்டு பேர்: பட்டியலைக் கவனிக்க ஒருவர், பேசும் வரிசையைக் கவனிக்க ஒருவர். முதலாமவருடைய இணைய இணைப்பு அறுந்தால் இரண்டாமவர் கையில் அதே அதிகாரம் இருக்க வேண்டும். மின்வெட்டு எப்போதும் முக்கியமான கட்டத்தில்தான் வரும்.

நுழைவை எளிதாக்குங்கள், நுழைந்த பின் வசதிகளைக் குறைத்து வையுங்கள். வரும்போது மைக் அணைந்திருக்கட்டும். திரைப் பகிர்வு ஹோஸ்டுக்கு மட்டும். பகிர வேண்டுமென்று கேட்பவருக்கு அப்போதைக்குத் திறந்துவிடலாம். பிறர் திரையில் கிறுக்கும் வசதி, கோப்பு அனுப்பும் வசதி, நடுவில் பெயரை மாற்றும் வசதி மூன்றையும் அணைத்துவிடுங்கள். இவற்றால் உண்மையான விருந்தாளி யாரும் திரும்பிப் போகமாட்டார்.

ஆண்டுக்கு இருமுறை ஒத்திகை பாருங்கள். குழுவில் ஒருவரை வேண்டுமென்றே கலாட்டா செய்யச் சொல்லி, எத்தனை விநாடியில் கூட்டத்தை உறைய வைக்க முடிகிறது என்று பாருங்கள். பத்து நிமிட வேலை. கைப்பேசியில் அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதையும் அன்றே தெரிந்துகொள்ளுங்கள். கணினியில் இருக்கும் இடத்தில் இருக்காது.

பதிவு தானாக யூடியூபுக்குப் போகும்படி வைக்காதீர்கள். ஒருவர் பார்த்து, வெட்ட வேண்டியதை வெட்டிய பிறகே ஏற வேண்டும். விஷமிக்கு வேண்டியது அந்த நிரந்தர மேடைதான். ஆபாசக் காட்சியோடு ஏறிவிட்டால் யூடியூப் விதிப்படி சேனலுக்கே அபராதக் குறி விழலாம். 90 நாளில் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும், பல ஆண்டுப் பதிவுகளோடு.

வெட்டுவதற்கு முந்தைய மூலப்பதிவைப் பத்திரமாக வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். மின்வழியே ஆபாசம் பரப்புவது இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆவது பிரிவின்படி முதல்முறைக்கே மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். உள்துறை அமைச்சகத்தின் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதியலாம். காட்டப்பட்டது குழந்தைகள் சம்பந்தப்பட்டதாக இருந்தால் அதை நகலெடுப்பதும் ‘பாருங்கள் என்ன நடந்தது’ என்று குழுவில் பகிர்வதும் தனிக் குற்றம். நல்லெண்ணத்தில் செய்தாலும் மாட்டிக்கொள்வீர்கள். காவல் துறையிடம் சொல்லிவிட்டு அவர்கள் சொல்படி நடப்பதே பாதுகாப்பு.

சம்பவம் நடந்த அன்றே, வந்திருந்தவர்களுக்கு நாலு வரி எழுதுங்கள்: என்ன நடந்தது, என்ன செய்தோம், அடுத்த கூட்டம் எப்போது. புதிதாக வந்திருந்தவர்களுக்குத் தனியாக எழுதினால் இன்னும் நல்லது. மௌனமாக இருந்தால் ‘இங்கே இப்படித்தான்போல’ என்று அவர்களே முடிவு கட்டிக்கொள்வார்கள்.

நெறியாளர் வேலையைச் சுழற்சியில் விடுங்கள். மாதக்கணக்கில் ஒருவரே வசைகளையும் படங்களையும் முதல் ஆளாகப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இந்த வேலைக்குக் குழுவில் இருக்கும் பெண்களையே தள்ளிவிடும் பழக்கமும் பல இடங்களில் உண்டு, அது நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊழியர்களைத் திறமூலத் திட்டங்களுக்கு அனுப்பும் நிறுவனங்கள், நிரல் எழுதிய நேரத்தைப்போல நெறியாளராக இருந்த நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கில் எடுக்கலாம். பதவி உயர்வுக் கூட்டத்தில் ‘இந்த ஆண்டு என்ன செய்தாய்’ என்ற கேள்விக்கு அதுவும் பதிலாக இருக்கட்டும்.

தமிழ்க் குழுக்கள் சேர்ந்து செய்யக்கூடியது ஒன்று மிச்சமிருக்கிறது. ஜிட்சி, ஜூம், பிக்புளூபட்டன் ஆகிய காணொலி மென்பொருள்கள் மூன்றிலும் எந்தப் பொத்தான் எங்கே என்று படத்தோடு தமிழில் ஒரு கையேடு, ஐந்தாறு பக்கத்தில், யாரும் நகலெடுத்துத் திருத்திக்கொள்ளும் உரிமத்தில். கூட்ட அறிவிப்பில் பேச்சாளர் பெயருக்குக் கீழே அன்றைய நெறியாளர்கள் இருவரின் பெயரையும் போட்டுவிடுங்கள். அதைப் பார்த்து, ‘அடுத்த வாரம் நான் பார்த்துக்கொள்ளட்டுமா?’ என்று யாராவது கேட்டால், ஒத்திகைக்கு அவரைக் கூப்பிட்டுவிடலாம்.